கிற்றார்ப் பெட்டியும் அதன் ஒலிபெருக்கிகளும்



இவ்வேளையில் என் குரல் உங்கள் செவியை வந்தடைவது ஒரு சிறு கூம்பின் அசைவினாலேயாம். வானொலிப் பெட்டியின் முன்புறத்து மறைப்பை நீக்கிப் பார்ப்பீராயின் அக்கூம்பு கண்ணுக்குப் புலப்படும். அதன் அடியில் மெல்லிய செப்புக்கம்பியாற் சுற்றப்பெற்ற ஒரு சுருள். சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது காந்தத்தினிடையே முன்னும் பின்னும் துடிக்க, கூம்பும் உடன் துடிக்கிறது, காற்று அசைகிறது, பேச்சோ பாட்டோ பிறக்கிறது. பேச்சு வழக்கில் ஸ்பீக்கர் என்று நாம் கூறும் இக்கருவியை இவ்வுரையில் ஒலிபெருக்கி என்றே வழங்குவேன். நுண்ணிய மின்னசைவைப் பெரிதாக்கி இதனிடம் ஒப்படைக்கும் மற்றொரு கருவி உண்டு. அம்ப்ளிபயர் எனப்படும் அதனைப் பெருக்கி என்பேன். இரண்டையும் மயங்க வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம்.

சரித்திரம் கற்பித்தே தலைநரைத்த ஓர் அதிபருக்கு இந்தக் கூம்பிலும் காந்தத்திலும் என்ன அலுவல் என்று நீங்கள் வினவலாம். எங்கள் பாடசாலையின் சங்கீத அறையிலே பழைய மாணவர் சிலர் பல்லாண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற மின்கிற்றார்ப் பெட்டி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு அங்குல விட்டமுடைய நான்கு ஒலிபெருக்கிகள் பொருத்தப்பெற்று இங்கிலாந்திலிருந்து வந்த பாரமான பெட்டி. சென்ற ஆண்டு பரிசளிப்பு விழாவின் நடுவிலே அந்நான்கில் இரண்டு ஊமையாய்விட்டன. மறுநாள் பழுதுபார்க்க வந்தவர் ஒரு கணம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இரண்டும் முடிஞ்சுது, சேர். நாலையும் கழற்றி எறிஞ்சுபோட்டு நல்ல பலமான புதுசாய் நாலு போடுவம்” என்றார். விலையும் எழுதித் தந்தார். நான் கையொப்பமிடப் பேனாவை எடுத்த வேளையில், கிற்றார் பயிலும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வாசலில் நின்றபடியே, “சேர், அந்தப் பச்சை மூடி போட்டதுகளை எறிய விடாதேங்கோ” என்றான். ஏன் என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்து ஒரு வாரத் தவணை கேட்டேன். அவ்வாரத்திலும் அதன் பின்னரும் நான் தேடிப் படித்து அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

காந்தப் புலத்தினுள் சுருளை அசையவிட்டு ஒலியெழுப்பும் எண்ணம் புதியதன்று. ஆங்கிலேய அறிஞர் ஒலிவர் லொட்ஜ் 1898 ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் அக்காலத்தில் அதனை இயக்கத்தக்க பெருக்கி இல்லை. டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பீற்றர் ஜென்சன் என்பார், எட்வின் பிறிட்ஹாம் என்னும் நண்பருடன் கலிபோர்னியாவிலுள்ள நாபா என்னும் ஊரில் முயன்று, 1915 ஆம் ஆண்டில் அசையுஞ் சுருளோடு ஓர் ஊதுகுழலைப் பொருத்திப் பெருங்கூட்டத்துக்குக் கேட்கும்படி பேசச் செய்தார். ‘பெருங்குரல்’ எனப் பொருள்படும் மக்னவொக்ஸ் என்ற இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர். 1919 ஆம் ஆண்டு செப்டெம்பரில் சான்டியேகோ நகரத்திலே ஜனாதிபதி வில்சன் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மக்கள் முன்னிலையில் உரையாற்றியது இக்கருவியின் துணைகொண்டே.

எனினும் இன்று நாம் காணும் குழலற்ற கூம்பு ஒலிபெருக்கி 1925 ஆம் ஆண்டில் உருப்பெற்றதாகும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் அவ்வாண்டிலே வெளியிட்ட ஆய்வுரையே அதன் பிறப்புச் சாதனம் எனலாம். அவர்கள் நாடியது ஒன்றே. பாடுவோர் குரல் எவ்வாறிருந்ததோ அவ்வாறே, கூட்டாமலும் குறைக்காமலும், கேட்போர் செவிக்குச் சேரவேண்டும். கண்ணாடிபோல உண்மையாயிருத்தலே ஒலிபெருக்கிக்கு அழகு என்பது அவர்தம் கொள்கை. வானொலிக்கு அக்கொள்கை இன்றும் பொருந்தும். கிற்றாரின் கதையோ நேர்மாறாகச் சென்றது.

கிற்றார் இயல்பில் மெல்லிய குரலுடையது. அமெரிக்க நடன மண்டபங்களிலே எக்காளங்களுக்கும் முரசுகளுக்குமிடையில் அதன் ஓசை அமுங்கிப்போயிற்று. அதனால் 1930களின் தொடக்கத்தில் கம்பிகளின் அடியிற் காந்தச் சுருளை வைத்து மின்கிற்றார் செய்தனர். 1936 இல் கிப்சன் நிறுவனத்தார் தமது மின்கிற்றாரையும் அதற்குரிய பெருக்கியையும் விற்பனைக்கு விடுத்தனர். கிற்றாருக்கெனத் தனியே ஒலிபெருக்கி செய்வார் அப்பொழுது எவருமிலர். வானொலிப் பெட்டிக்காகச் செய்து விற்கப்பட்டவற்றையே வாங்கிப் பெருக்கியோடு ஒரே பெட்டியில் அடைத்தனர். மேலே கூறிய ஜென்சன் 1927 இல் தம் பெயராலேயே தொடங்கிய நிறுவனம் பின்னர் சிக்காகோ நகரத்தில் நிலைபெற்றது. கலிபோர்னியாவின் புல்லர்ரன் என்னும் ஊரில் வானொலி திருத்தும் கடை நடத்திப் பின் கிற்றார் உற்பத்தியிற் புகுந்த லியோ பெண்டர், தம் பெருக்கிகள் பலவற்றுக்கு அந்த ஜென்சன் ஒலிபெருக்கிகளையே கொண்டார்.

இவ்விடத்தே சரித்திர மாணவருக்கு இன்பந்தரும் செய்தி ஒன்று உண்டு. பழைய அமெரிக்க ஒலிபெருக்கியின் இரும்புச் சட்டத்திலே சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னுள்ள மூன்று எண்கள் செய்தவரைக் குறிப்பன. 220 என்றால் ஜென்சன். 465 என்றால் ஒக்ஸ்போட். அதன் பின் வருவது ஆண்டின் இறுதி எண். அதற்கடுத்த இரண்டும் அவ்வாண்டின் வாரம். ஆகவே 220832 என்று கண்டால், எட்டில் முடியும் ஓராண்டின் முப்பத்திரண்டாம் வாரத்தில் ஜென்சன் செய்தது என அறியலாம். அவ்வாண்டு 1948 ஆ, 1958 ஆ, 1968 ஆ என்று எண் கூறாது. காந்தத்தின் வகை, சட்டத்தின் அமைப்பு, பெட்டியின் வயது ஆகிய பிற சான்றுகளைக் கொண்டே தெளிய வேண்டும். அரசனின் ஆட்சியாண்டை மட்டும் கூறி நிற்கும் கல்வெட்டுக்குக் காலம் கணிப்பதும் இவ்வாறன்றோ!

பெண்டரும் றைஸ், கெலொக் வழியினரே. தெளிந்த ஓசையையே அவர் விரும்பினார். ஆயினும் 1951 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மெம்பிஸ் நகரத்துச் சிறிய ஒலிப்பதிவுக் கூடமொன்றில் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஐக் ரேணர் என்பவரின் வாத்தியக் குழுவினர் மிசிசிப்பியிலிருந்து மோட்டார் வண்டியில் வந்தபோது, கிற்றார் வாசிப்பவரது பெருக்கி வழியிற் பழுதுற்றது. வண்டியின் மேலிருந்து விழுந்தது என்பர் சிலர்; மழையில் நனைந்தது என்பர் வேறு சிலர். கூம்பு சிதைந்து கரகரத்தது. கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் அதனை மாற்றித்தர முடியாத நிலையில், கூம்பினுள்ளே காகிதத்தைத் திணித்து அந்தக் கரகரப்போடேயே பதிவு செய்தார். ‘றொக்கெற் 88’ என்னும் அப்பாட்டு நாடெங்கும் பரவியது. அக்கரகரப்பைக் குற்றமென எவரும் கொள்ளவில்லை. 1958 இல் லிங்க் றே என்பவர் தம் ஒலிபெருக்கியைத் தாமே பென்சிலாற் குத்தித் துளைத்தார். 1964 இல் இங்கிலாந்தின் கிங்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் சவர அலகினாற் கூம்பைக் கீறினார். நல்ல பொருளைக் கெடுத்து நயம் காண்பதா என்று என் வயதினர் சினக்கலாம். நானும் முதலிற் சினந்தேன். ஆயினும் சிந்திக்குமிடத்து ஒன்று விளங்குகிறது. வானொலிக்கு ஒலிபெருக்கி கண்ணாடி. கிற்றாருக்கோ அது வீணையின் குடம் போன்றது. கருவியின் ஓர் உறுப்பு. குடத்தை மாற்றினால் வீணை மாறும்.

இதற்கு இயற்கைக் காரணமும் உண்டு. கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்வது. கிற்றார்க் கூம்புகள் பல வினாடிக்கு 75 அதிர்வை அடுத்துத் தம் இயல்பான துடிப்பைக் கொண்டவையாய்ச் செய்யப்பட்டன. மேலெல்லையில் 5,000 அதிர்வைக் கடந்ததும் அவற்றின் ஓசை செங்குத்தாய் வீழ்ந்துவிடும். பாட்டுக் கேட்பதற்கான ஒலிபெருக்கிக்கு இது பெருங்குறை. கிற்றாருக்கு இதுவே காப்பு. பெருக்கியை மிகைப்பட இயக்கும்போது எழும் கூரிய இரைச்சலைக் கூம்பே வடிகட்டி இனிமையாக்குகிறது. ஆலயத் திருவிழாவிற் கட்டும் ஒலிபெருக்கியைக் கழற்றிக் கிற்றார்ப் பெட்டியில் மாட்டினால் தேனீக் கூட்டைக் கலைத்தாற்போலக் கேட்பதன் மருமம் இதுவே.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். எங்கள் பாடசாலைப் பெட்டியின் பிறப்பிடமும் அதுவே.

செலெஸ்ரியன் என்னும் நிறுவனம் 1924 இல் இலண்டனுக்கு அணித்தாகவுள்ள ஹம்ரன் விக் என்ற இடத்தில் தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் றோலா நிறுவனத்துடன் இணைந்து தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரிலும், பின்னர் இப்ஸ்விச் நகரத்திலும் தொழில் நடத்தியது. ஜி 12 என்ற பெயருடைய அதன் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி 1930களிலேயே வானொலிக்கும் பொதுக்கூட்டங்களுக்குமாகச் செய்யப்பட்டது. 1950களின் கடைசியில் டாட்போட் என்னும் ஊரிலே வொக்ஸ் என்ற பெயரிற் பெருக்கிகள் செய்த ரொம் ஜெனிங்ஸ், டிக் டெனி என்போர் அதனைக் கிற்றாருக்குத் தேர்ந்தனர். கிற்றாரின் வன்மையைத் தாங்காது கூம்பு தளர்ந்தமையால் அதனை உறுதிப்படுத்தித் தரும்படி வேண்டினர். அவ்வாறு உறுதிபெற்று நீலவர்ணம் பூசப்பட்டு வந்த ஒலிபெருக்கி 15 வாற்று மின்வலுவை மட்டுமே தாங்கவல்லது. 1959 இல் வெளிவந்த வொக்ஸ் ஏசி 30 என்னும் 30 வாற்றுப் பெருக்கியில் அவை இரண்டு இருந்தன. ஷாடோஸ் குழுவினரும் பின்னர் பீட்டில்ஸ் குழுவினரும் கையாண்டது அதுவே. பதினைந்தும் பதினைந்தும் முப்பது. கணக்குச் சரிதான், ஆயினும் மிச்சம் ஒன்றுமில்லாத கணக்கு. முழுவலுவில் வாசித்தபோது நீல ஒலிபெருக்கிகள் எரிந்துபோதல் அரிதன்று.

மேற்கு இலண்டனில் ஹன்வெல் என்னும் பகுதியிலே, முரசு கற்பிக்கும் ஆசிரியரான ஜிம் மார்ஷல் 1960 இல் ஒரு சிறு இசைக்கருவிக் கடை திறந்தார். முரசு பயில வந்தோர் தம்மோடு கிற்றார்க்காரரையும் அழைத்து வந்தனர். அமெரிக்கப் பெண்டர் பெருக்கிகள் விலையேறியவை என்றும், போதிய வன்மையில்லாதவை என்றும் அவர்கள் குறைகூறக் கேட்டு, தம் கடையிற் பழுதுபார்த்த கென் பிறான் என்பவரையும் டட்லி கிறேவன் என்னும் இளைஞரையும் கொண்டு 1962 இல் தம் முதற்பெருக்கியைச் செய்வித்தார். பெண்டரின் பாஸ்மன் என்னும் பெருக்கியைப் பெரிதும் பின்பற்றியதே அது. பாஸ்மனில் நான்கு பத்தங்குல ஜென்சன் ஒலிபெருக்கிகள் பின்புறம் திறந்த பெட்டியிற் பெருக்கியோடு ஒன்றாக அமைந்திருந்தன. மார்ஷல் ஒலிபெருக்கிகளைத் தனிப்பெட்டியிற் பிரித்து அதன் பின்புறத்தையும் அடைத்துவிட்டார். முதலிற் பன்னிரண்டங்குல ஒலிபெருக்கி இரண்டை வைத்துப் பார்த்தார்; தாங்கவில்லை. பின்பே நான்கை வைத்தார்.

நேயர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். உலகெங்கும் மேடைகளிற் காணும் அந்த நான்கு ஒலிபெருக்கிப் பெட்டி, அழகு கருதியோ ஓசை நயம் கருதியோ முதலிற் பிறந்ததன்று. ஒன்றோ இரண்டோ தாங்க மாட்டாத சுமையை நான்கு மெலிந்த தோள்கள் பகிர்ந்துகொண்டமையால் விளைந்தது. பெட்டியின் அளவும், நான்கு கூம்புகள் நெருக்கமாக அடங்கும் அளவே. 1965 இல் ஹூ என்னும் குழுவின் பீற் ரவுண்சென்ட், எட்டு ஒலிபெருக்கிகளை ஒரே பெட்டியில் அடைத்துத் தரும்படி கேட்டார். சுமந்து செல்லும் ஏவலாளர் முதுகு முறிந்ததாக முறையிட, பெட்டி இரண்டாகப் பிளக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. மார்ஷல் அடுக்கு என்று புகழ்பெற்ற கோலம் அவ்வாறு வந்தது.

நான்கு தோள்கள் சுமையைச் சமமாகப் பகிர்தல் வேண்டுமெனின் அவற்றைக் கம்பியால் இணைக்கும் முறையிலே கவனம் தேவை. மின்னோட்டத்துக்கு ஓர் ஒலிபெருக்கி காட்டும் எதிர்ப்பைத் தடங்கல் என்பர். ஓம் என்னும் அலகால் அளப்பர். 16 ஓம் உடைய இரண்டைத் தொடராக இணைத்தால் 32 ஓம். சமாந்தரமாக இணைத்தால் 8 ஓம். மார்ஷல் பெட்டியில் இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு சோடிகளையும் சமாந்தரமாக்கினால் முடிவில் மீண்டும் 16 ஓம் கிடைக்கும். பாஸ்மனில் 8 ஓம் உடைய நான்கும் சமாந்தரம். முடிவு 2 ஓம். பெருக்கியினுள் இருக்கும் வெளியீட்டு நிலைமாற்றி எத்தனை ஓம் சுமைக்கென அமைந்ததோ அதனையே பெட்டி அதற்குக் கொடுக்க வேண்டும். வால்வுப் பெருக்கியை ஒலிபெருக்கி எதனுடனும் இணைக்காது முடுக்கி வாசித்தால் அந்நிலைமாற்றியே எரிந்துபோகவும் கூடும். புதிய ஒலிபெருக்கி வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது இந்த ஓம் எண்ணே, விலையன்று, பெயருமன்று. 8 ஓம் ஒன்றையும் 16 ஓம் ஒன்றையும் சமாந்தரமாக இணைத்தால், 8 ஓம் உடையது மின்வலுவில் மூன்றில் இரண்டு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். தொடரில் இணைத்தாலோ 16 ஓம் உடையதற்கு அப்பங்கு போகும். எவ்வாறாயினும் ஒன்று மிகையாக உழைத்து முன்னே சாகும்.

இதனைப் படித்த அன்றே எனக்கு ஐயம் ஒன்று பிறந்தது. எங்கள் பெட்டியில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே கணத்தில் ஊமையாயின. தொடரில் இணைந்த சோடியில் ஒன்றன் சுருள் அறுந்தால், மின்னோட்டம் தடைப்பட்டு மற்றதும் வாய்மூடும் அல்லவா? மாணவனை அழைத்துப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றுவித்தேன். அவன் ஓர் அளவுமானியைப் பௌதிக ஆசிரியரிடம் இரவல் வாங்கி வந்தான். நான்கையும் தனித்தனியே பிரித்து அளந்தோம். மூன்று ஒலிபெருக்கிகள் 12, 13 ஓம் அளவிலே காட்டின. 16 ஓம் ஒலிபெருக்கியின் கம்பியை மட்டும் அளந்தால் அவ்வாறே காட்டும் என்பதை நான் அதற்குள் அறிந்திருந்தேன். நான்காவது ஒன்றும் காட்டவில்லை. இறந்தது ஒன்றே, மற்றது துணையிழந்து மௌனமாயிருந்தது. எறியப்படவிருந்த நான்கில் மூன்று உயிரோடிருந்தன.

அவற்றின் பின்புறத்திற் பச்சை நிறப் பிளாத்திக்கு மூடி இருந்தது. அம்மூடிக்கும் ஒரு வரலாறு உண்டு. நீல ஒலிபெருக்கியின் காந்தம் அல்னிக்கோ என்னும் கலப்புலோகத்தாலானது. அலுமினியம், நிக்கல், கோபால்ற்று ஆகியவற்றை இரும்போடு கலந்து செய்வது, விலை கூடியது. 1950களில் பெரைற்று என்னும் மட்பாண்டம் போன்ற காந்தம் மலிவாக வந்தது. 1960களின் நடுவில் செலெஸ்ரியன் நிறுவனத்தார் பெரைற்றுக் காந்தத்துடன், முதலில் 20 வாற்றும் பின்னர் 25 வாற்றும் தாங்கத்தக்க ஜி 12 எம் என்னும் வகையைச் செய்து, காந்தத்தின்மேற் பச்சை மூடியிட்டனர். கிற்றார்க்காரர் அதனைப் ‘பச்சை முதுகு’ என்றே அழைப்பர். கனத்த காந்தமுடைய ஜி 12 எச் என்பது 30 வாற்று. மலிவைக் கருதி வந்த மாற்றமேயாயினும் அதன் ஓசை வேறாயிருந்தது, வேறாயிருந்ததனாலேயே விரும்பப்பட்டது.

அமெரிக்காவில் இம்மாற்றத்தைப் பின்னாளில் ஓர் உள்நாட்டுப் போரும் விரைவுபடுத்தியது. உலகின் கோபால்ற்றிற் பெரும்பகுதி அக்காலத்தில் சயர் எனப்பட்ட கொங்கோ நாட்டின் சாபா மாகாணச் சுரங்கங்களிலிருந்து வந்தது. 1978 இல் அம்மாகாணத்திலே கிளர்ச்சிப்படை புகுந்ததும் கோபால்ற்றின் விலை பன்மடங்கு ஏறியது. அதுவரை அல்னிக்கோவைக் கைவிடாத ஜேபிஎல் போன்ற நிறுவனங்களும் பெரைற்றுக்கு மாறின. ஆபிரிக்கச் சுரங்கத்து வேட்டொலி கலிபோர்னியக் கிற்றாரின் நாதத்தை மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. சரித்திர வகுப்பிற் காரணகாரியம் கற்பிக்க இதனினும் நல்ல உதாரணம் எனக்கு அண்மையிற் கிடைக்கவில்லை.

பெருக்கிகள் 100 வாற்றாகப் பெருகியபோது, 25 வாற்றுடைய நான்கு சேர்ந்து 100 என்பது மீண்டும் மிச்சமில்லாத கணக்காயிற்று. வால்வுப் பெருக்கியை முழுதும் திறந்தால் அது தன் பெயரளவுக்கு மேலும் கக்கும். ஆகவே வலுக்கூடிய வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1980களில் வந்த வின்ரேஜ் 30 என்பது பெயரிலே முப்பதைத் தாங்கி நின்றாலும் 60 வாற்று ஏற்பது. எங்கள் பழுதுபார்ப்பவர் ‘பலமான’ என்று கூறியது இத்தகையவற்றையே.

இங்கே பலரும் மயங்கும் இடம் ஒன்று இருக்கிறது. 60 வாற்று என்பது அது எழுப்பும் ஒலியின் அளவன்று. எரியாமல் தாங்கும் சுமையின் அளவு. ஒலியை அறிய வேறு எண் உண்டு. ஒரு வாற்று மின்வலுவைக் கொடுத்து ஒரு மீற்றர் தொலைவில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் எழுகிறது என்பதே அது. இன்று விற்கும் பச்சை முதுகுக்கு 98 என்றும், வின்ரேஜ் 30 க்கு 100 என்றும் செய்தோரே குறித்துள்ளனர். இரண்டே வித்தியாசம் என்று தள்ளிவிடலாகாது. மூன்று டெசிபெல் கூடுதல் என்பது பெருக்கியின் வலுவை இருமடங்காக்குவதற்குச் சமம். ஆகவே மூன்று பச்சை முதுகுகளுக்கிடையில் ஒரு வின்ரேஜ் 30 ஐப் பொருத்தினால், அதற்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடிய வலு கொடுத்தாற்போல அம்மூலை உரத்துப் பேசும். பசனைக் கோஷ்டியில் ஒருவர் மட்டும் தாளத்தை விட்டுத் தொண்டையை நம்பினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறு. வேறொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது: தடங்கல் ஒத்த பல ஒலிபெருக்கிகள் வலுவைச் சமமாகவே பகிர்வதால், நான்கில் ஒன்று 25 வாற்றாயின் பெட்டி முழுவதும் 100 வாற்றுக்கு மேல் தாங்காது. மற்ற மூன்றும் எத்துணைப் பலசாலிகளாயினும் பயனில்லை.

அவ்வாறாயின் வேறுவேறு இனங்களைச் சேர்க்கவே கூடாதோ? சேர்க்கலாம், சேர்த்து வெற்றி கண்டோரும் உளர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 1989 இல் தொடங்கிய மச்லெஸ் நிறுவனத்தார், பழைய வொக்ஸைப் பின்பற்றிச் செய்த டிசி 30 என்னும் பெருக்கியில், ஜி 12 எம் ஒன்றையும் ஜி 12 எச் ஒன்றையும் வேண்டுமென்றே சோடியாக்கினர். ஒன்றன் நடுக்குரல் மென்மையும் மற்றதன் அடிக்குரல் உறுதியும் கலந்தன. பெருக்கி 30 வாற்று. மெலிந்ததன் கணக்கிற் பார்த்தாலும் பெட்டி 50 தாங்கும். மிச்சமுள்ள கணக்கு. நீல ஒலிபெருக்கியோடு ஜி 12 எச் ஐச் சேர்ப்போரும் பலர். இரண்டுக்கும் டெசிபெல் எண் 100 ஆகவே இருப்பதால் ஒன்றை மற்றது அமுக்குவதில்லை. நான்கு கொண்ட பெட்டியில் இரண்டு இனமாயின் அவற்றை மூலைக்கு மூலை குறுக்காக வைப்பது வழக்கம். மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் இரண்டினமும் இருப்பின், அருகே நின்று கேட்பவருக்கும் தொலைவில் நின்று கேட்பவருக்கும் கலவை பெரிதும் மாறாது.

சேர்க்கும்போது திசையும் பார்க்கவேண்டும். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போனால் ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ள, அடிக்குரல் ஓடி மறையும். ஒன்றரை வோல்ற்று மின்கலம் ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பார்த்தாற் போதும். நேர்முனையை நேர்முனையோடு தொட்டதும் கூம்பு வெளியே குதிக்கவேண்டும். பழைய ஜேபிஎல் ஒலிபெருக்கிகள் இதற்கு விலக்கு. அவை உள்ளே குதிப்பன. அது தெரியாமல் அவற்றைப் பிறவற்றோடு சேர்த்துவிட்டு, பெருக்கி கெட்டதென்று அலைந்தோர் உண்டு.

எங்கள் பெட்டிக்கு வருகிறேன். இரண்டு வழிகள் இருந்தன. இறந்ததன் சட்டத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு புதிய கூம்பும் சுருளும் இடுவித்தல் ஒன்று. அதே இனத்தில், 16 ஓம், 25 வாற்று உடைய புதியதொன்றை வாங்கிப் பொருத்தல் மற்றது. பழுதுபார்ப்பவர் மூன்றாவதாகத் தம் பழைய யோசனையையே மீண்டும் கூறினார். கலைப்பட்டதாரிக்கு இது ஏன் என்ற முகபாவம் அவரிடம் இல்லாமலில்லை. அளவுமானியைக் காட்டியதும் சற்று மௌனமானார்; பின்னர், “மற்றதும் சும்மா நிண்டிருக்குது” என்று தாமே சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர். புதிய கூம்பு இடும் வேலை கைத்திறன் மிக்கவரிடமே கொடுக்கவேண்டியது, அதற்கு நாட்செல்லும் என்று கூறியதும் அவரே. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் இரண்டாவது வழிக்கு இசைந்தனர். நான்கு ஒலிபெருக்கிக்கு அவர் முதலில் எழுதித் தந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

புதியது வந்து பொருத்தியபோது அது சற்று வெடுக்கென்று ஒலித்தது. புதுக் கூம்பின் விளிம்பு இறுக்கமாயிருப்பதால் பல மணிநேரம் வாசித்தபின்பே தளர்ந்து இணங்கும். அதனை அறிந்திருந்தமையால் மாணவன் அதைக் கீழ்மூலையில், செவிக்கு எட்டத்திலே வைத்தான். ஒரு தவணை கழிந்தது. இப்பொழுது எந்த மூலையில் புதியது இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அவனால் முடிகிறது.

இறந்த ஒலிபெருக்கி என் மேசையின் அருகே இருக்கிறது. புதிய கூம்பு இடுவிக்கும் எண்ணத்தை நான் இன்னும் விடவில்லை. அதன் சட்டத்திலும் சில எழுத்துக்கள் பொறித்திருக்கின்றன. செலெஸ்ரியன் நிறுவனத்தார் நாளை எண்ணாலும், மாதத்தையும் ஆண்டையும் எழுத்தாலும் குறிப்பவர். துரு அரித்து ஆண்டெழுத்து பாதி மறைந்துவிட்டது. மாணவன் இடைவேளைகளில் வந்து பூதக்கண்ணாடியை வைத்து அதனை வாசிக்க முயல்கிறான். நேற்று வந்து, அது ஜே என்றான். எனக்கு எல் போலத் தெரிகிறது.